முதலிடம் காலி

பத்திரிகை அலுவலகத்தில் அவருக்குப் பெயர் நாக்கு சார். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. பதினேழு வருடமாக வார இதழில் 'எங்கே சாப்பிடலாம்' பகுதியை எழுதி வருகிறார். அவர் நாக்கு பொய் சொல்லாது என்று ஊரே நம்பியது. நாக்கு பொய் சொல்லவில்லைதான். பேனா சொல்லியது. வந்த வினை எல்லாம் அதனால்தான்.

வருடத்துக்கு ஒருமுறை வியட்நாம் சாப்பாட்டுக்கென்று ஒரு பட்டியல் போடுவார். இந்தப் பெரிய நகரத்தில் தேடித் தேடி ஏழு கடைகள். ரயில் நிலையப் படிக்கட்டுக்கு அடியில் ரொட்டிக்குள் கறி வைத்துக் கொடுக்கிற கடை ஒன்று. புத்தகக் கடையின் நிலவறையில் அரிசித்தாளில் கீரையைச் சுருட்டித் தருகிற அண்ணன் தம்பிகளின் கடை ஒன்று. பதினோராவது மாடியில் ஒரு ஓட்டல். அங்கே சாப்பாட்டைவிட அதைப் பற்றிப் பரிமாறுபவர் செய்யும் சொற்பொழிவு நீளம், ஆறிப்போன பிறகுதான் தட்டில் கை வைக்க விடுவார்கள். இதெல்லாம் இரண்டிலிருந்து ஏழு வரை. முதலிடம் ஒன்பது வருடமாக ஒரே கடைக்குத்தான். சந்துக்குள் நாலு மேஜை போட்ட சூப்பம்மா கடை.

சூப்பம்மா வியட்நாமிலிருந்து கணவரோடு வந்தவர். கணவர் போய்ச் சேர்ந்த பிறகும் ஊர் திரும்பாமல் அண்டாவும் அடுப்புமாக இங்கேயே நின்றுவிட்டார். தமிழை அவர் கற்றது காய்கறிச் சந்தையில். அங்கே யாரும் யாரையும் 'நீங்க' என்று சொல்வதில்லை. அதனால் அவருக்கு டாக்டரும் 'நீ'தான், பால்காரரும் 'நீ'தான். பேசுவார், வாதாடுவார், திட்டக்கூடத் திட்டுவார். ஆனால் தமிழில் ஒரு எழுத்து படிக்கத் தெரியாது.

அவர் செய்வது ஃபோ. நாம் எழுதுவது அப்படி. அவர் சொல்லும்போது அந்தச் சொல் கடைசியில் கேள்வி கேட்பது போல வளைந்து மேலே போகும். மாட்டெலும்பைப் பன்னிரண்டு மணி நேரம் சிறு தீயில் போட்டு, சுட்ட இஞ்சியும் சுட்ட வெங்காயமும் பட்டையும் அன்னாசிப்பூவும் சேர்த்து, கடைசியில் உப்புக்கு மீன் சாஸ் ஊற்றி இறக்குவார். கீழே அரிசி நூடுல்ஸ், மேலே பச்சை இலைகள். முதன்முதலாக அதைக் குடித்த அன்று நாக்கு சார் மேஜையிலேயே கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். மயக்கம் போட்டுவிட்டார் என்று பக்கத்து மேஜைக்காரர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

இதுவரைக்கும் எல்லாம் சுகமே. போன வருடம் மழைக்காலத்தில் சூப்பம்மாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் கடை மூடியிருந்தது. திறந்த பிறகு சூப்பில் உப்பு ஏற ஆரம்பித்தது. முதல் தடவை, கைதவறிவிட்டது என்று நாக்கு சார் நினைத்தார். இரண்டாம் தடவை, இன்று தன் வாய்தான் சரியில்லை என்று நினைத்தார். பத்தாவது தடவைக்கு மேல் நினைக்க ஒன்றுமில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். ஒரு டம்ளர், இரண்டு டம்ளர், பிறகு ஒரு குடுவை.

அதனால் சூப்பம்மா அவருக்குத் 'தண்ணி சார்' என்று பெயர் வைத்துவிட்டார். தமிழில் 'தண்ணி'க்கு இன்னொரு அர்த்தம் உண்டு என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர் கடைக்குள் காலை வைத்ததும், "தண்ணி சார் வந்தாச்சு!" என்று உள்ளிருந்து குரல் வரும். மேஜையில் இருக்கிறவர்கள் அவரை மேலும் கீழும் பார்ப்பார்கள். அந்த அவமானத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டார். "அம்மா, உப்பு அதிகம்" என்ற மூன்று சொல் மட்டும் வாயிலிருந்து வரவில்லை.

ஏன் வரவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றார்கள். எவ்வளவு உப்பு என்று அந்தப் பழமொழியில் இல்லை. ஒன்பது வருடமாக அவர் கையால் சாப்பிட்டுவிட்டு, அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? கடைசியில் அவர் செய்தது, உலகத்துக் கோழைகள் எல்லாம் செய்கிற வேலை. கடைக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார். மூன்று மாதமாக அந்தச் சந்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் இந்த வருடப் பட்டியல் வந்து நின்றது. முதலிடம் யாருக்கு? சூப்பம்மாவுக்கே கொடுத்தால் ஊர் மக்கள் போய் உப்பைக் குடித்துவிட்டு வந்து நாக்கு சாரைத் திட்டுவார்கள். கொடுக்காவிட்டால் அந்த அம்மாளுக்கு வாயில் மண் போட்ட மாதிரி. ஒரு வாரம் தூக்கமில்லை. போதாக்குறைக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கி, கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தார். நேரே போய் மூன்று தடவை சாப்பிடாமல் ஒரு கடையைப் பற்றியும் எழுதுவதில்லை என்று ஊருக்கெல்லாம் பெருமை பேசுகிறவர், திங்கட்கிழமை காலை, கடை நேரம் மாறியிருக்கிறதா என்று கேட்கிற சாக்கில் தொலைபேசியை எடுத்தார்.

கல்லாவில் உட்காரும் பெண் எடுத்தாள். சூப்பம்மாவைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறவள். உறவு இல்லை, பழக்கம்தான்.

"அம்மா இருக்காங்களா?"

"பெரியம்மா போயிட்டாங்க சார்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"போயிட்டாங்களா? என்னம்மா சொல்றே! எப்போ?"

"நேத்து சாயங்காலம் சார்."

"அடக் கடவுளே. ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?"

"கஷ்டமா? கொஞ்சமா நஞ்சமா சார்! மூச்சுவிடக்கூட முடியாம எத்தனை நாள் அல்லாடினாங்க. இனிமேலாவது நிம்மதியா இருக்கட்டும்." மறுபடியும் உறிஞ்சல்.

"எல்லாம்... முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார். நாலு பேர் தூக்கினோம். அம்மாடி, என்ன கனம்! தோள்பட்டை இன்னும் வலிக்குது."

"கடை?"

"கடையை எடுத்தாச்சு சார்."

அதற்கு மேல் அவரால் கேட்க முடியவில்லை. போனை வைத்துவிட்டு, வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைக்கும்போது, ஒரு எண்ணம் திருடன் மாதிரி உள்ளே நுழைந்தது: இனி அவரிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. சே, நீயும் ஒரு மனுஷனா என்று தன்னைத்தானே காறித் துப்பாத குறையாகத் திட்டிக்கொண்டார். திட்டினாரே தவிர, பாரம் இறங்கியது இறங்கியதுதான்.

அன்று மத்தியானமே எழுதினார். இரண்டிலிருந்து ஏழு வரை கடைகள். ஒன்று என்ற எண்ணுக்கு நேரே 'முதலிடம் காலி' என்று மட்டும். அதன் கீழே சூப்பம்மாவுக்கு அஞ்சலி. செத்தவர்களைப் பற்றி எல்லோரும் பொய் எழுதுவார்கள். இவரோ பொய்யை எல்லாம் அந்த அம்மாள் உயிரோடு இருக்கும்போதே எழுதித் தீர்த்துவிட்டார். மிச்சம் இருந்தது உண்மைதான். அதையும் கடைசிக்கு முந்தின பத்தியில் இறக்கி வைத்தார்.

உதவி ஆசிரியை படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். "நாக்கு சார், இந்தப் பதினேழு வருஷத்துல நீங்க எழுதினதுலயே இதுதான் உசத்தி" என்றாள். பழைய புகைப்படம் ஒன்றைத் தேடியெடுத்து, அரைப் பக்கத்துக்குப் பெரிதாக்கி, சுற்றி விரற்கடை அகலத்துக்குக் கறுப்புக் கட்டம் போட்டாள்.

வெள்ளிக்கிழமை இதழ் வந்தது. காலையிலேயே அலுவலகத்தில் தொலைபேசி ஓயவில்லை. ஒரு வாத்தியார் விம்மி விம்மி அழுதார். நாக்கு சாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பூக்கடையில் வெள்ளைப் பூங்கொத்து ஒன்று வாங்கிக்கொண்டு, வெறும் வாசலிலாவது வைத்துவிட்டு வரலாம் என்று சந்துக்குப் போனார்.

கடை திறந்திருந்தது. உள்ளே மேஜை இல்லை, அடுப்பு இல்லை. கல்லாக்காரப் பெண் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் ஒரு மூட்டை கிண்ணம்.

"வாங்க சார், வாங்க! பூவெல்லாம் எதுக்கு சார்? பெரியம்மா பாத்தா சந்தோஷப்படுவாங்க."

"அவங்க பாத்துக்கிட்டுதாம்மா இருப்பாங்க" என்றார் நாக்கு சார், குரல் தழுதழுக்க. "எங்க வைக்கட்டும்?"

"வைக்கிறதா? அவங்க கையிலேயே குடுங்க சார்."

பாவம், துக்கத்தில் பெண்ணுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தார். "மனசைத் தேத்திக்கோம்மா. நாம என்ன செய்ய முடியும்?"

"தேத்தறதா? எதுக்கு சார்?"

"போன்ல அழுதியே."

"அழுதேனா! அது தூசி சார். பத்து வருஷத்து ஒட்டடை. இன்னும் மூக்கு நிக்கலை." அவள் துணியை இறக்கிவிட்டுச் சிரித்தாள். "பெரியம்மா விடிகாலையிலேருந்து அண்டா முன்னாடி நிக்கிறாங்க. இன்னிக்குத்தான் புதுக்கடை திறப்பு. ரெண்டு தெரு தள்ளி, கண்ணாடிக் கதவு, பன்னெண்டு மேஜை, இங்க மாதிரி மூச்சு முட்டாது. போன்லதான் சொன்னேனே சார், கடையை எடுத்தாச்சுன்னு!"

நாக்கு சாரின் பூங்கொத்து கையிலிருந்து நழுவி ஈரத் தரையில் விழுந்தது.

"நாலு பேர் தூக்கினோம்னியே?"

"அண்டாவைத்தான் சார்! வேற எதைத் தூக்குவோம்?"

தமிழில் இது ஒரு வசதி. யாரை, எதை என்று சொல்லாமலே ஒரு ஆளை அனுப்பிவிடலாம், தூக்கிவிடலாம், கடையை எடுத்தும் விடலாம். நாலு பேர் தூக்கினோம் என்று சொன்னால் அண்டா நினைவுக்கு வருகிற தமிழன் உலகத்தில் எங்காவது இருக்கிறானா? நாக்கு சாருக்கு வரவில்லை. பேயறைந்தவர் மாதிரி நின்றார். கொன்றுவிட்டேனே, உயிரோடு இருக்கிற பெண்பிள்ளையை ஊர் முழுக்கக் கொன்றுவிட்டேனே என்று உள்ளுக்குள் அலறியது.

"இன்னிக்கு எங்க பத்திரிகையைப் பாத்தியாம்மா?"

"எங்க சார் நேரம்? பகல் வரைக்கும் இங்கதான். சாவியைக் குடுத்துட்டு இந்தக் கிண்ணத்தைத் தூக்கிட்டு ஓடணும்."

மூட்டையின் ஒரு பக்கத்தை அவரே பிடித்துக்கொண்டார். இரண்டு தெருவும் நடக்கும்போது அவர் மூளை அதிவேகமாக ஓடியது. சூப்பம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அது ஒரு புண்ணியம். இந்தப் பெண் இன்னும் பார்க்கவில்லை. அது இன்னொன்று. அடுத்த வாரம் சின்னதாக ஒரு திருத்தம் போட்டுவிடலாம், ஊர் சிரித்துவிட்டு மறந்துவிடும். அந்தப் பத்தி மட்டும் அந்த அம்மாள் காதுக்குப் போகாமல் இருந்தால் போதும். தெருமுனை திரும்பும்வரை இப்படியே கணக்குப் போட்டுக்கொண்டு போனார்.

புதுக்கடை பளபளவென்று இருந்தது. பெரிய கண்ணாடிக் கதவு. கதவுக்கு நட்ட நடுவில், பார்க்கிறவர் கண்ணுக்கு நேரே, அவருடைய பத்திரிகையின் அரைப் பக்கம் ஒட்டியிருந்தது. கறுப்புக் கட்டத்துக்குள் சூப்பம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு தம்பதி அதன் முன்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். "அநியாயம்ங்க. நல்ல மனுஷி. கடையும் போச்சு" என்றாள் மனைவி. கணவர் தலையைக் குனிந்து ஒரு நிமிடம் நின்றார். படியில் இரண்டு ரோஜாவை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கண்ணாடிக்கு உள்ளே பன்னிரண்டு மேஜையும் காலியாகக் கிடந்தன. மேஜைக்கு மேஜை கண்ணாடிக் குப்பியில் பூ.

நாக்கு சார் மூட்டையை அந்தப் பெண்ணிடம் விட்டுவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார்.

"தண்ணி சார் வந்தாச்சு!"

சமையலறை வாசலில் சூப்பம்மா நின்றார். கையில் கரண்டி, முகத்தில் வியர்வை, புது வெள்ளை மேலங்கி. நாக்கு சார் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இருக்கிறார் என்று தெரிந்துதான் வந்தார். ஆனாலும் நாலு நாளாக மனசுக்குள் புதைத்து வைத்திருந்த ஆள் எதிரே வந்து நின்று கரண்டியை ஆட்டினால் வேறு எதைப் பிடித்துக்கொள்வது?

"மூணு மாசம் எங்க போனே? கன்னம் ஏன் வீங்கியிருக்கு? உக்காரு, உக்காரு. நீ என் போட்டோ போட்டே! பேப்பர்காரன் காட்டினான். எவ்வளவு பெரிசு! நானே பசை போட்டு ஒட்டினேன்." ஒரு கணம் அவர் முகம் மாறியது. "ஆனா சார், ஒண்ணு கேக்கணும். காலைலேருந்து எல்லாரும் வர்றாங்க. கதவுல நிக்கிறாங்க, படிக்கிறாங்க, பூ வைக்கிறாங்க, போயிடுறாங்க. சில பேர் அழுவுறாங்க. ஒருத்தரும் உள்ள வரலை. ஒரு பொம்பளை என்னைப் பாத்துச்சு, கத்திக்கிட்டே ஓடிச்சு. புதுக்கடை புடிக்கலையா? இருநூறு கிண்ணத்துக்கு வச்சிருக்கேன் சார். உள்ளதெல்லாம் இதுலதான் போட்டிருக்கேன். இன்னிக்கு வரலைன்னா நாளைக்கு யாரு வருவா?"

நாக்கு சார் வாயைத் திறந்தார். அவருக்குப் பதிலாகக் கதவருகே கிண்ண மூட்டை தடாலென்று விழுந்தது.

"சார்!" கல்லாக்காரப் பெண் பத்திரிகையைப் பார்த்தபடி அலறினாள். "என்ன சார் இது? பெரியம்மா மறைந்தார்னு போட்டிருக்கீங்க!"

"மறைந்தார்னா?" என்றார் சூப்பம்மா. சந்தையில் அந்தச் சொல் கிடையாது. "ஒளிஞ்சுக்கிட்டேனா? நான் எங்க ஒளிஞ்சேன்? இங்கதானே நிக்கிறேன்!"

"செத்துட்டீங்கன்னு எழுதியிருக்கார் பெரியம்மா!"

கரண்டி அப்படியே நின்றது. சூப்பம்மா ஒருமுறை தன் கையைப் பார்த்துக்கொண்டார். கதவைப் பார்த்தார், பூக்களைப் பார்த்தார், நாக்கு சாரைப் பார்த்தார். நாக்கு சார் முகத்தில் ஈயாடவில்லை. பல் வலி, தொலைபேசி, தூசி, அண்டா, நாலு பேர் என்று உளறிக்கொட்டினார். அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள். திட்டப்போகிறார், சூப்பை மேலே ஊற்றப்போகிறார் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டபோது, சூப்பம்மா சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"படி" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "செத்தவங்களுக்குத்தான் இதைக் கேக்கக் குடுத்து வைக்கலை. எனக்குக் குடுத்து வச்சிருக்கு. எல்லாம் படி."

"வேண்டாம்மா. அப்புறமா..."

"படி சார். கடை எப்படியும் காலிதான்."

வேறு வழியில்லாமல் பையிலிருந்து இதழை எடுத்து மேஜையில் விரித்தார். வரிக்கு அடியில் விரலை ஓட்டிப் படிப்பது அவர் வழக்கம். சூப்பம்மா தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். எழுத்து தெரியாததால் அவர் கண் விரலைத்தான் பார்த்தது.

"'நான்கு மேஜை, ஒரு அண்டா, ஒரு பெண்மணி. இந்த நகரத்தில் வியட்நாம் சாப்பாடு எங்கே என்று கேட்ட எல்லோருக்கும் ஒன்பது வருடமாக நான் சொன்ன விலாசம் இதுதான். என் மனைவி நாற்பது நாள் மருத்துவமனையில் கிடந்தபோது, நான் சாப்பிட்டது இந்தச் சூப்பை மட்டும்தான். ஏன் தினமும் வருகிறாய் என்று அவர் கேட்கவில்லை. கிண்ணத்தில் ஒரு கரண்டி கூடவே ஊற்றினார்.'"

"உன் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில இருந்தாளா?" சூப்பம்மா அவர் தோளில் தட்டினார். "ஏன் சொல்லலை? இப்ப எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காம்மா. நடமாடறா."

"சரி, படி."

அடுத்தது அந்தப் பத்தி. நாக்கு சாரின் முதுகில் வியர்வை இறங்கியது. விரல் ஒரு நொடி தயங்கிவிட்டு, அந்தப் பத்தியைத் தாண்டி, கடைசிப் பத்தியில் போய் உட்கார்ந்தது. "'முதலிடத்தை நான் யாருக்கும்...'"

"நில்லு." ஈரமான விரல் ஒன்று வந்து அவர் விரலைப் பிடித்தது. "தாண்டிட்டே. இங்க இவ்வளவு எழுத்து இருக்கு. இதுல என்ன?"

"அது ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கு ஏன் உனக்கு வேர்க்குது? படி."

பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்தவர் மாட்டிக்கொண்டார். வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். இவருக்கா தெரியாது பொய் சொல்ல? ஆனால் அந்த விரல் தன் விரலை விடாமல் பிடித்திருந்தது. நாக்கு சார் படித்தார்.

"'ஒன்றை இப்போது சொல்லியாக வேண்டும். ஒரு வருடமாக அந்தச் சூப்பில் உப்பு அதிகம். காய்ச்சலுக்குப் பிறகு அவருடைய நாக்கு அவரைக் கைவிட்டுவிட்டது. வந்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். தண்ணீர் வாங்கிக் குடித்தோம், பிரமாதம் என்றோம், கிளம்பினோம். பலர் பிறகு வரவேயில்லை. நானும் வரவில்லை. அவர் இருந்தபோது அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.'"

படித்து முடித்துவிட்டுத் தலையைத் தூக்காமல் இருந்தார். பிடித்திருந்த விரல் மெதுவாக விலகியது.

சாவுச் செய்திக்குச் சிரித்த பெண்மணியின் முகம் இதற்கு வெளுத்துவிட்டது. "உனக்குத் தெரியுமா?" என்று கல்லாக்காரப் பெண்ணைக் கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள்.

"தினம் ரெண்டு வேளை என் கையால சாப்பிட்டே. உனக்குமா தெரியும்?"

"எப்படிச் சொல்றது பெரியம்மா" என்று அவள் அழுதுவிட்டாள். இந்தத் தடவை தூசி இல்லை.

சூப்பம்மா உள்ளே போனார். இருவரும் பின்னாலேயே போனார்கள். அண்டாவிலிருந்து ஒரு வாய் எடுத்து ஊதிக் குடித்தார். நாக்கைச் சுழற்றினார். இன்னொரு வாய் குடித்தார்.

"சப்புன்னு இருக்கு" என்றார், யாரிடமும் இல்லாமல். "எனக்குச் சப்புன்னுதான் இருக்கு. காய்ச்சலுக்கு அப்புறம் தினம் இப்படித்தான். மீன் சாஸ்தான் சரியில்லைன்னு நினைச்சேன். கடையை மாத்தினேன். இன்னும் கொஞ்சம் ஊத்தினேன்." பிறகு திரும்பி நாக்கு சாரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். "ஒரு வருஷமா நீ தண்ணி, தண்ணின்னு கேட்டே. நான் வெயில்னு நினைச்சேன் சார். உனக்குப் பேர் வேற வச்சேன்."

நாக்கு சார் பதினேழு வருடத்தில் எத்தனை பேரை வாய்க்கு வந்தபடி எழுதியிருக்கிறார். பதினோராவது மாடிக்காரர்களைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறார். ஒன்பது வருடம் தன் வயிற்றை நிரப்பிய ஒருத்திக்கு மூன்று சொல் சொல்லத் துப்பில்லை. "மன்னிச்சுடும்மா. உன்னைச் செத்துட்டதா எழுதினதுக்கு இல்லை. இதுக்கு" என்றார்.

சூப்பம்மா அண்டாவில் கரண்டியை விட்டு, கிண்ணத்தில் ஊற்றி, அவர் முன்னால் நீட்டினார்.

"சொல்லு."

அவர் ஒரு வாய் குடித்தார். கடல் தண்ணி. "உப்பு அதிகம்" என்றார். கடைசியில் வாயைவிட்டு வந்துவிட்டது.

"எவ்வளவு?"

"ரொம்ப அதிகம்மா. பாதிக்குப் பாதி."

சூப்பம்மா தலையை ஆட்டிக்கொண்டார். அடுப்பின் அந்தப் பக்கம் மூடியிருந்த இரண்டாவது அண்டாவைத் திறந்தார். சாயங்காலக் கூட்டத்துக்காக வைத்தது. அதில் இன்னும் மீன் சாஸ் ஊற்றவில்லை. மூன்று பேரும் ஒரு மணி நேரம் வேலை செய்தார்கள். இதிலிருந்து அதில், அதிலிருந்து இதில். ஒவ்வொரு தடவையும் கரண்டி நாக்கு சாரிடம் வந்தது. இன்னும் கொஞ்சம் என்றார். இன்னும் ஒரு கரண்டி என்றார். வீங்கின கன்னம் சூட்டில் தெறித்தது, அவர் காட்டிக்கொள்ளவில்லை. அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. காலையிலிருந்து ஒருவர் உள்ளே வந்திருந்தாலும் இந்தக் கடல் தண்ணியைத்தான் குடித்திருப்பார். இருநூறு பேர் குடித்திருப்பார்கள். கறுப்புக் கட்டம்தான் ஒருவரையும் உள்ளே விடவில்லை. இதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வாயை மூடிக்கொண்டார்.

"இப்ப?"

அவர் கண்ணை மூடிக் குடித்தார். இஞ்சி வந்தது, பட்டை வந்தது, எலும்பின் இனிப்பு வந்தது. ஒரு வருடமாக உப்புக்கு அடியில் மூச்சுமுட்டிக் கிடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக மேலே வந்தது. "சரியா இருக்கும்மா."

சூப்பம்மாவும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். அவருக்கு அது வெந்நீர் மாதிரி இருந்திருக்க வேண்டும், முகத்தில் தெரிந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நாக்கு சாரின் முகத்தையே பார்த்தார்.

"நிஜமாவா சார்? இல்ல, நான் உயிரோட இருக்கேனேன்னு சும்மா சொல்றியா?"

சத்தியம் செய்தாலும் ஒரு வருடமாகப் பிரமாதம் என்று சொன்ன அதே வாய்தானே. நாக்கு சார் நேரே போய் வாசலோர மேஜையில் உட்கார்ந்தார். சூப்பம்மா நூடுல்ஸ் போட்டு, கறி வைத்து, இலைகளைத் தூவி, விளிம்பு வரை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். கூடவே, பழக்கத்தில், ஒரு டம்ளர் தண்ணீரும். வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

அவர் சாப்பிட்டார். வாசலில் இரண்டு பேர் வந்து நின்று படித்தார்கள். கறுப்புக் கட்டத்துக்குள் இருந்த முகம் உள்ளேயும் உட்கார்ந்திருப்பதைக் கண்டு ஒருவர் மற்றவர் கையைப் பிடித்துக்கொண்டார். சூப்பம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நாக்கு சாரின் முகத்தையும் பார்க்கவில்லை. முகம் பொய் சொல்லும் என்று அவருக்கு இப்போது தெரியும். டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாக்கு சார் நூடுல்ஸைத் தின்று, கறியைத் தின்று, கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்துக் கீழே வைத்தார். டம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது.

சூப்பம்மா எழுந்தார். மேலங்கியைச் சரிசெய்துகொண்டார்.

"அந்தப் பேப்பரைக் கிழி" என்றார் கல்லாக்காரப் பெண்ணிடம். "கதவைத் திற."

பிறகு, நாக்கு சாரைப் பார்த்து: "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வா. பல் வலின்னு போன் பண்ணாதே."